நைஹாட்டி லோக்கல்: ஹூக்ளிக் கரையில் சில தை மாத நாட்கள்

ஜனவரி 19, திங்கள் – சியால்தாவிலிருந்து வடக்கே

கொல்கத்தாவின் சியால்தாவை ஒரே ஸ்டேஷன் என்று நினைத்துப் போகிறவர்கள் முதலில் பத்து நிமிஷத்தைத் தொலைப்பார்கள். உள்ளே வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவு. கேனிங், டைமண்ட் ஹார்பர் பக்கம் போகிற வண்டிகளுக்குத் தெற்கு. ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி மேலே போகிற பாதைக்கு வடக்கு. ஆட்டோவோ டாக்ஸியோ எந்த வாசலில் இறக்கிவிடும் என்று சொல்ல முடியாது. இறங்குவதற்கு முன்பே ‘நார்த்’ என்று சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த சிக்கல் பலகை. எந்த லோக்கல் எந்த பிளாட்பாரத்தில் என்பது வண்டி கிளம்பச் சில நிமிஷங்களுக்கு முன்புதான் தெரியும். அதுவரை பலகைக்குக் கீழே ஒரு பெருங்கூட்டம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எண் விழுந்ததும் எல்லோரும் ஓடுவார்கள். கூடவே ஓடினால் உட்கார இடம். கௌரவமாக நடந்தால் நைஹாட்டி வரை கம்பி.

நைஹாட்டி 38 கிலோமீட்டர், சாதாரண லோக்கலில் ஒரு மணி நேரம், கட்டணம் 10 ரூபாய். வண்டியின் பெயரைப் பார்த்து ஏறவேண்டும். நைஹாட்டி, கல்யாணி சீமாந்த, ராணாகாட், சாந்திபூர், கிருஷ்ணநகர், கேதே என்று எழுதியிருந்தால் சரி. பாரக்பூர் லோக்கல் பாதி வழியிலேயே நின்றுவிடும். பொன்காவ், ஹாஸ்னாபாத், தத்தபுகூர் வண்டிகள் தம்தம் தாண்டி வலது பக்கம் பிரிந்துவிடும். டான்குனி லோக்கல் அங்கிருந்தே ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விடும். இதெல்லாம் சரிபார்த்தபிறகும் ஒரு கண்ணி உண்டு. ‘கேலோப்பிங்’ என்று அறிவித்தால் அந்த வண்டி சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. நைஹாட்டிக்குப் போகிறவருக்கு அது லாபம். டிட்டாகரிலோ ஜகத்தலிலோ இறங்க வேண்டியவர் ஜன்னல் வழியாகத் தன் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான்.

2025 ஆகஸ்ட்டிலிருந்து ராணாகாட்டுக்கு ஏசி லோக்கலும் ஓடுகிறது, கடைசி வரை 120 ரூபாய். வசதிதான். ஆனால் கதவு மூடியிருக்கிற வண்டியில் இந்தப் பாதையின் பாதி வாழ்க்கை ஏறுவதில்லை. சாதாரண லோக்கலில் போவதே என் சிபாரிசு. பெட்டியில் ஏறும்போது தகட்டைப் பாருங்கள், பல பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்தவை.

உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நிற்பவர்களுக்கும் இடையே இங்கே எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. மூன்று பேர் பெஞ்சில் நான்காவது ஆள் உட்காரலாம். ‘தாதா, ஏக்டு சேபே’ என்றால் மூவரும் முகம் சுளிக்காமல் அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்வார்கள். நான்காமவருக்குக் கிடைப்பது ஒரு பக்கத் தொடை வைக்கிற இடம், மீதி நடைபாதையில் தொங்கும். நிற்பவர் நேராக வந்து ‘எங்கே இறங்குவீர்கள்?’ என்று கேட்பார். வம்புக்கு அல்ல, சீட்டைப் பதிவு செய்கிறார். ‘சோதேபூர்’ என்று பதில் சொல்லிவிட்டால் அந்த இடம் சோதேபூரிலிருந்து அவருடையது. நடுவில் வேறொருவர் நுழைந்தால் சுற்றியிருக்கும் நான்கு பேர் சாட்சி சொல்வார்கள். வெளியூர்க்காரர் தெரியாமல் போய் உட்கார்ந்தால் பேச்சு கொஞ்சம் சூடாகும்.

பெல்கோரியா தாண்டியதும் வியாபாரிகள் ஏறினார்கள். சேஃப்டி பின், சீப்பு, துண்டு, வலித் தைலம், கறுப்பு உப்பு தூவிய வெள்ளரிக்காய், அவித்த முட்டை. ஜால்முரிக்காரரைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். கழுத்திலிருந்து தொங்கும் பெரிய தகரப் பெட்டியில் பொரி. அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஊறவைத்த கொண்டைக்கடலை, வறுத்த வேர்க்கடலை, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், அவித்த உருளைக்கிழங்கு, தக்காளி, மசாலாப் பொடி. கலக்குவதற்குத் தனியாக ஒரு மூடியில்லாத டப்பா. இரண்டு கைப்பிடி பொரியைப் போட்டு, மேலே ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை, கடைசியில் மூடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்து கடுகெண்ணெய் இரண்டு உதறல். கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தட்டு. வண்டி பாயிண்ட் மாறி ஆடும்போது இடுப்பை மட்டும் ஆட்டத்தோடு விடுகிறார், கை நிலையாக நிற்கிறது. செய்தித்தாள் பொட்டலத்தில் கொட்டி, மேலே நீளமாகச் சீவிய ஒரு தேங்காய்த் துண்டைச் செருகித் தருகிறார். 15 ரூபாய். உடனே சாப்பிட வேண்டும். எண்ணெயும் தக்காளிச் சாறும் ஐந்து நிமிஷத்தில் பொரியை நமுக்க வைத்துவிடும். பச்சைக் கடுகெண்ணெய் பழக்கமில்லாதவர்கள் ‘தேல் கம்’ என்று முன்பே சொல்லலாம். காரம் குறைக்கச் சொன்னால் மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரியும்.

இறங்குவதும் ஒரு வேலைதான். கூட்ட நேரத்தில் நைஹாட்டி வந்த பிறகு எழுந்தால் ராணாகாட்டில்தான் இறங்கலாம். ஜகத்தலில் சீட்டை விட்டு எழுந்து நடைபாதைக்கு வரவேண்டும், காங்கினாராவில் கதவருகே. முன்னால் நிற்கிற ஒவ்வொருவரிடமும் ‘நைஹாட்டியா?’ என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். ஆமாம் என்றால் அவர் பின்னால் நிற்கலாம், இல்லை என்றால் அவரே வழி விடுவார்.

ஸ்டேஷனிலிருந்து ஆற்றுப் படித்துறைக்குப் போகிற அரவிந்த ரோடு முழுக்கக் கடைகள். வழியில்தான் ‘போரோ மா’ கோவில். காளி பூஜையின்போது இங்கே நிறுத்துகிற காளி இருபது அடிக்கு மேல் உயரம். அந்த நாட்களில் இந்த ஸ்டேஷனில் மேம்பாலத்தில் ஏறுவதற்கே வரிசை நிற்கும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். இப்போது ஆண்டு முழுவதும் பக்தர்கள் வருகிறார்கள், அவர்களை நம்பிப் பேடாக் கடைகளும் செம்பருத்தி மாலைக் கடைகளும் வரிசையாக முளைத்திருக்கின்றன.

ராத்திரி குளிர் 13 டிகிரி. எல்லோர் தலையிலும் குரங்குக் குல்லா. மண் கோப்பையில் டீ, சின்னது 5 ரூபாய், பெரியது 10.

ஜனவரி 20, செவ்வாய் – காலையில் காலியாகிற ஊர்

சணல் ஆலை ஊர் என்றால் காலையில் ரயிலிலிருந்து தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக இறங்குவார்கள் என்று மனதில் ஒரு படம் இருக்கும். இங்கே நேர்மாறு. காலை 7 முதல் 10 வரை ஊரே வண்டியில் ஏறுகிறது. இறங்குகிறவர்கள் குறைவு. கொல்கத்தாவின் அலுவலகங்கள், துணிக்கடைகள், வீட்டு வேலை, நர்ஸிங் ஹோம், கட்டட வேலை எல்லாவற்றுக்கும் ஆட்கள் இந்தக் கரையிலிருந்து போகிறார்கள். ஆலைக்காரர்களுக்கு ரயில் அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. வீடு ஆலைச் சுவரை ஒட்டிய லைன் வீடுதான். நடந்தோ சைக்கிளிலோ போய்விடுவார்கள்.

இங்கிருந்து தெற்கே போகிறவர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கிருஷ்ணநகர், ராணாகாட், கல்யாணியிலிருந்து வருகிற வண்டிகள் நைஹாட்டிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். நைஹாட்டியிலேயே கிளம்புகிற லோக்கலுக்கு இருபது நிமிஷம் முன்பு போய் நின்றால் ஜன்னல் சீட்டு. இதைத் தெரிந்தவர்கள் இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருப்பவர்கள்கூட எதிர்த்திசையில் நைஹாட்டி வரை வந்து ஏறுகிறார்கள். சீசன் டிக்கெட்டை இங்கே ‘மான்த்லி’ என்கிறார்கள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு வண்டி, ஒரு பெட்டி, ஒரு கதவு. ஒருவர் வரவில்லையென்றால் காங்கினாரா வருவதற்குள் போன் போகும். முழங்கால்களின் மேல் ஒரு துண்டை விரித்துச் சீட்டாட்டம், அதை வேடிக்கை பார்க்கிறவர்களின் தலைகள் ஆட்டக்காரர்களுக்குக் குடை பிடித்தமாதிரி கவிழ்ந்திருக்கும். பெண்கள் பெட்டிகளில் ஆண்கள் தவறி ஏறினால் அபராதம். பெட்டிச் சுவரில் எழுதியிருப்பதை அவசரத்தில் படிக்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. ‘வெண்டர்’ என்று எழுதிய பெட்டியில் பயணிகள் ஏறக்கூடாது. அதற்குள் காய்கறி மூட்டை, மீன் கூடை, பால்கட்டி பிழியும் துணி மூட்டைகள். தரை எப்போதும் ஈரம்.

ஆலைகளின் பக்கம் போகலாம். நைஹாட்டிக்குத் தெற்கே காங்கினாரா, ஜகத்தல், ஷியாம்நகர், டிட்டாகர் என்று ஆற்றுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரே பாணியில் ஊர்கள் தொடர்கின்றன. ஆற்றோரம் ஆலை, ஆலையை ஒட்டி லைன் வீடுகள், பிறகு கடைத்தெரு, பிறகு தண்டவாளம். தண்டவாளத்துக்குக் கிழக்கே வேறு ஒரு ஊர் மாதிரி, கிழக்கு வங்கத்திலிருந்து பிரிவினைக்குப் பிறகு வந்தவர்கள் உண்டாக்கிய குடியிருப்புகள். ஆலைப் பக்கம் கேட்பது பெரும்பாலும் போஜ்புரியும் இந்தியும் உருதுவும். டிட்டாகரில் தெலுங்கு. அங்கே இட்லி கிடைக்கிறது, ஆனால் சட்னியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஆலை ஏன் ஆற்றை ஒட்டி என்பதற்கு விடை எளிது. கொதிகலனுக்குத் தண்ணீர், கிழக்கு வங்கத்திலிருந்து சணல் ஏற்றி வருகிற படகுகளுக்குத் துறை, சாக்கை ஏற்றிக் கொல்கத்தா துறைமுகத்துக்கு அனுப்பப் பாதை. மூன்றும் ஒரே வாசலில். முதல் ஆலை எதிர்க்கரை ரிஷ்ராவில் 1855இல் வந்தது. இந்தக் கரையில் சியால்தாவிலிருந்து இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியா வரை 1862இல் தண்டவாளம் விழுந்தது. சணல் விளைகிற நிலத்துக்கும் அதை நெய்கிற ஊருக்கும் நடுவே போடப்பட்ட பாதை அது. 1947இல் விளைநிலத்தில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் போய்விட்டது, ஆலைகள் எல்லாம் இந்தப் பக்கம் நின்றுவிட்டன. இன்று நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களிலிருந்து லாரியில் வருகிறது சணல்.

ஆலை நேரம் தெரியாமல் வாசல் பக்கம் போனால் மூடிய இரும்புக் கதவைத்தான் பார்க்கலாம். சணல் ஆலைகளின் பழைய ஷிப்ட் முறை விநோதமானது. ‘ஏ’ ஷிப்ட் காலை 6 முதல் 11 வரை, மறுபடி மதியம் 2 முதல் 5 வரை. ‘பி’ ஷிப்ட் 11 முதல் 2, பிறகு மாலை 5 முதல் இரவு 10. ‘சி’ ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6. ஒரு ஆளின் எட்டு மணி நேரம் இரண்டு துண்டாக. லைன் வீட்டில் இருப்பவருக்குத்தான் இது ஒத்துவரும், நடுவில் வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கித் தூங்கிவிட்டு வரலாம். ரயிலில் வருகிறவருக்கு மூன்று மணி நேரம் தெருவில் நிற்கிற வேலை. ஆலையும் ஸ்டேஷனும் இத்தனை பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு இந்த மணிக்கணக்கு ஒரு காரணம். டீக்கடைகளும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. காலை 11க்கும் மாலை 5க்கும் சங்கு ஊதுவதற்குக் கால் மணி முன்பு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும்.

ஷிப்ட் தொடங்குகிற நேரத்தில் வாசலுக்கு வெளியே தனியாக ஒரு கூட்டம் நிற்கும். அவர்கள் ‘பத்லி’, பதிலி ஆட்கள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்கு அன்று ஒரு நாள் வேலை. பெயர் கூப்பிடாவிட்டால் அடுத்த ஷிப்டுக்கு மறுபடி வந்து நிற்கவேண்டும்.

வாசலுக்கு வெளியே நின்றாலே உள்ளே என்ன நடக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். சணல் நார் கரடுமுரடு, அப்படியே இழைத்தால் அறுந்துபோகும். அதனால் எண்ணெயும் தண்ணீரும் கலந்த பால் போன்ற கரைசலைத் தெளித்து, உருளைகளுக்கு நடுவே நசுக்கி, குவியலாக மூடி ஊறவைக்கிறார்கள். குவியலுக்குள் சூடு ஏறி நார் இளகும். அந்த எண்ணெயும் ஈரநாரும் கலந்த வாசனைதான் தெரு முழுக்க. பிறகு கார்டிங் எந்திரம் சீவி நீளப் பட்டையாக்கும், டிராயிங்கில் பட்டைகளை ஒன்றாக்கி இழுத்து மெலிதாக்குவார்கள், பிறகு நூற்பு, பாவு, தறி, கடைசியில் வெட்டித் தையல். கார்டிங் இடத்தில்தான் தூசு அதிகம். அங்கிருந்து வெளியே வருகிறவர்களைப் புருவத்தில் படிந்த வெளிர் மஞ்சள் துகளை வைத்து அடையாளம் காணலாம்.

ஆலைகள் இன்னும் ஓடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று முக்கியக் காரணம். அரசு கொள்முதல் செய்கிற தானியத்தைச் சணல் சாக்கில்தான் அடைக்கவேண்டும் என்கிறது அது. 50 கிலோ தானியச் சாக்கு ஒன்றின் எடை 580 கிராம். நம் ரேஷன் கடை அரிசி வருகிற சாக்கைப் புரட்டினால் ஓரத்தில் அச்சிட்ட ஆலைப் பெயரில் இந்தக் கரையோர ஊர் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். ஏப்ரலில் வடக்கே கோதுமைக் கொள்முதல் தொடங்கும், அதற்கான சாக்கு நெய்கிற மாதங்கள் இவை. அப்படியும் கச்சா சணல் விலை ஏறினால் ஷிப்டைக் குறைக்கிறார்கள், சில ஆலைகளில் ‘வேலை நிறுத்திவைப்பு’ என்று ஒரு தாள் கதவில் ஒட்டப்படுகிறது. அந்தத் தாள் ஒட்டிய மறுநாள் ஸ்டேஷனில் தெற்கே போகிற கூட்டம் கூடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மதியம் ஸ்டேஷன் பக்கத்துச் சோற்றுக் கடையில் மீன் சாப்பாடு 80 ரூபாய். சோறு, பருப்பு, மெல்லிசாகச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு, ஒரு கறி, ரூய் மீன் குழம்பு ஒரு துண்டு. பருப்பை முதலில் முடித்த பிறகுதான் மீன் வரும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டால் பரிமாறுகிறவர் குழம்பிப்போவார். குழம்பு தண்ணியாக, கருஞ்சீரகமும் பச்சை மிளகாயும் போட்டது. இரண்டாம் முறை சோற்றுக்குத் தனிக் காசு. பணம் கொடுக்கும்போது கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, ‘மீன் எப்படி இருந்தது?’

சாயங்காலம் காந்தால்பாராவில் பங்கிம் சந்திரர் பிறந்த வீடு. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். 1838இல் பிறந்தவர், ரயில் வரும்போது வயது இருபத்து நான்கு. வீடு இப்போது அருங்காட்சியகமும் ஆய்வு மையமும். ‘வந்தே மாதரம்’ தெரிந்த அளவுக்கு இந்த ஊர்ப் பெயர் வெளியே தெரியவில்லை.

ஜனவரி 21, புதன் – பனிமூட்டம்

காலை ஆறரைக்கு நைஹாட்டி படித்துறையில் ஆறு இல்லை. வெள்ளையாக ஒன்று இருந்தது, அதற்குள்ளிருந்து சைக்கிள் மணிச் சத்தம். எதிரே சின்சுரா. படகுப் பயணம் பத்து நிமிஷத்துக்குள், கட்டணமும் பத்து ரூபாய்க்குள். ஆனால் பனி விழுந்தால் படகு ஓடாது. எதிர்க்கரை தெரிகிற வரை டிக்கெட் தர மாட்டார்கள். ஜனவரியில் காலை ஒன்பது மணிக்கு முன்பு படகை நம்பித் திட்டம் போடக்கூடாது.

படகு நின்றால் எல்லோரும் செய்வது ஒன்றுதான், ஸ்டேஷனுக்குத் திரும்பிப் பண்டேல் லோக்கலைப் பிடிப்பது. நைஹாட்டியிலிருந்து இடது பக்கம் வளைந்து, கரீஃபா ஸ்டேஷன், ஆறு, ஹூக்ளி காட், பண்டேல். மொத்தம் எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் இந்தக் கிளைப் பாதையில் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஒன்றை விட்டால் முக்கால் மணி நேரம்கூட நிற்கவேண்டி வரும். பனிக்காலையில் படகுக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் கதவில் சைக்கிள் டயர்கூட நுழையாது. பனியில் லோக்கல்களும் மெதுவாகத்தான் வருகின்றன. அன்று அறிவிப்பில் சொன்ன நேரத்துக்கும் வண்டி வந்த நேரத்துக்கும் இடையே இரண்டு டீக்கு இடம் இருந்தது.

ஆற்றைக் கடக்கும்போது இடம் கிடைத்தால் கதவருகே நிற்கலாம். இப்போது வண்டி போவது 2016இல் திறந்த சம்ப்ரீதி பாலத்தில். பக்கத்திலேயே பழைய ஜூபிலி பாலம். 1887 பிப்ரவரியில் திறந்தது, விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்கு வைத்த பெயர். போல்ட்டும் நட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. 129 ஆண்டு ஓடியபின் ஏப்ரல் 2016இல் ஓய்வு. அந்தப் பாலம் வருகிற வரை ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு வேறு ரயில் கம்பெனிகள். மேற்கே 1854இலேயே ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி ஓடியது, கிழக்கே சியால்தா பாதை. ராணிகஞ்ச் நிலக்கரி மேற்குக் கரையில் வந்து இறங்குகிறது, கப்பல் துறைமுகம் கிழக்குக் கரையில். நைஹாட்டி ஜங்ஷன் ஆனது அந்த நிலக்கரி ஆற்றைத் தாண்டவேண்டியிருந்ததால். தெற்கே பாலியில் அடுத்த ரயில் பாலம் வந்தது 1931 டிசம்பரில்தான்.

ஹூக்ளி காட்டில் இறங்கினால் ஷியா முஸ்லிம்கள் கூடுகிற மண்டபமான இமாம்பாரா பக்கம். இருபது வருஷம் கட்டி 1861இல் முடித்தது. நடுவில் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் ஏறுவதற்குப் படிகள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஏறும்போது மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரண்டு பாலங்களும் ஒன்றாகத் தெரியும். பத்தரைக்குப் பனி விலகியபின் இதைப் பார்ப்பதற்கே ஏறலாம்.

அங்கிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் சின்சுரா கடிகார முனை, ஆளுக்கு 20 ரூபாய். முன்பே பேசிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முழு வண்டிக்குக் கேட்பார்கள். திரும்புவதற்குப் படகு. இது கடல் ஏற்றவற்றம் எட்டுகிற ஆறு. மதியம் வற்றம். மிதவை ஜெட்டி தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டதால் அதற்குப் போகிற இரும்புப் பாலம் செங்குத்தாகச் சரிந்திருந்தது. குறுக்குச் சட்டங்களில் மிதித்து இறங்கவேண்டும். சட்டங்களுக்கு நடுவே வண்டல் படிந்து வழுக்கும், சக்கரப் பெட்டி கொண்டுவந்தவர்கள் திணறுவார்கள். சைக்கிள்காரர்கள் பிரேக்கைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடந்து இறக்குகிறார்கள். 2017 ஏப்ரலில் பத்ரேஸ்வர் பக்கம் தேலினிபாரா துறையில் மூங்கிலால் கட்டிய ஜெட்டி நீரேற்றத்தில் உடைந்து பலர் இறந்துபோனார்கள். படகு முழுதாகக் கட்டுகிற வரை ஏறாதீர்கள் என்று ஆள் நின்று கத்துவதற்குப் பின்னால் அந்த விபத்து இருக்கிறது. கத்தினாலும் கடைசி இரண்டு அடியைத் தாவுகிறவர்கள் தாவத்தான் செய்கிறார்கள்.

ஜனவரி 22, வியாழன் – மேற்குக் கரை

நாளை சரஸ்வதி பூஜை. காலையில் நைஹாட்டி ஸ்டேஷன் வாசலில் வரிசையாக வெள்ளைச் சரஸ்வதிகள், அரை அடி 150 ரூபாயிலிருந்து. ஆளுயரச் சிலையோடு நான்கு பையன்கள் வெண்டர் பெட்டிக்கு ஓடினார்கள். வீணையின் முனை முதலில் உடையும் என்பதால் ஒருவன் வேலை அதைக் கையால் மூடிப் பிடிப்பது மட்டும். கூடை கூடையாக இலந்தைப் பழமும் வந்திருந்தது. பூஜை முடிவதற்கு முன் இலந்தைப் பழம் தின்றால் படிப்பு வராது என்பது இங்கத்து நம்பிக்கை. பள்ளிப் பிள்ளைகள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள், யாரும் வாயில் போடவில்லை. நான் தின்றதைப் பார்த்த ஒரு பாட்டி, படிப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டாள்.

பண்டேல் போய் ஹவுரா லோக்கல். இந்தப் பாதையில் போகிற தமிழருக்கு ஒரு தனிக் குஷி உண்டு. சின்சுரா டச்சுக்காரர்களுடையது. 1824 ஒப்பந்தத்தில் அதை ஆங்கிலேயரிடம் விட்டபோது கூடவே நம் பழவேற்காட்டையும் விட்டார்கள். அடுத்து சந்தன்நகர், பிரெஞ்சு, புதுச்சேரிக்குக் கட்டுப்பட்டிருந்த ஊர். அதற்கடுத்து செராம்பூர், டேனிஷ்காரர்கள் 1755இல் பெற்ற இடம், அதிகாரம் தரங்கம்பாடியில் இருந்தது. 1845இல் இரண்டையும் சேர்த்தே விற்றார்கள். நம் கடற்கரையின் மூன்று ஊர்களுடைய பங்காளிகள், லோக்கல் வண்டியில் அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து.

சந்தன்நகரில் இறங்கினால் ஆற்றங்கரை நடைபாதைக்கு டோட்டோ. அதைவிட முக்கியம் ஜல்பரா சந்தேஷ். பால்கட்டி இனிப்புக்குள் பாகு அடைத்தது. மற்ற மாதங்களில் பன்னீர் மணக்கும் பாகு, குளிர்காலத்தில் ஈச்சவெல்லப் பாகு. ஒன்று 30 ரூபாய். நடுவில் கடித்தால் பாகு சட்டையில்தான். ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஓட்டை தெரிந்ததும் நிமிர்த்திப் பிடித்து உறிஞ்சிவிட்டு மீதியைத் தின்னவேண்டும். வெளியூருக்கு வாங்கிப் போவது வீண், இரண்டாம் நாள் பாகு வெளியே கசிந்துவிடும். ஈச்சவெல்லக் கட்டியாக வாங்கினால் தாங்கும்.

செராம்பூரில் மிஷனரி வில்லியம் கேரி முதலானவர்கள் 1818இல் தொடங்கிய கல்லூரி ஆற்றைப் பார்த்து நிற்கிறது. டேனிஷ் காலத்துச் சத்திரத்தைப் பழுதுபார்த்து காபிக் கடையாக்கியிருக்கிறார்கள். விலை ஊர் விலையல்ல, கட்டடத்தின் விலை. கடைத்தெருவில் கச்சோரி நான்கும் உருளைக்கிழங்குக் கறியும் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு ஸ்டேஷன் தெற்கே ரிஷ்ரா, முதல் சணல் ஆலை ஊர். அதற்கும் தெற்கே ஹிந்த் மோட்டார், 2014 வரை அம்பாஸிடர் கார் செய்த ஆலைக்காகவே வந்த ஸ்டேஷன் பெயர். கார் நின்றுவிட்டது, லோக்கல் நிற்கிறது.

ஹவுரா வரை போகாமல் திரும்ப நல்ல வழி, செராம்பூரிலிருந்து படகில் பாரக்பூர் தோபி காட். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு டோட்டோ 15 ரூபாய். பாரக்பூரில் பிரியாணிக்கு வெளியூரிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். ஒரு முழு உருளைக்கிழங்கு, ஒரு பெரிய மட்டன் துண்டு, மசாலா மட்டு. நம் ஊர் பிரியாணிக் காரத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரிசை தெருவில் நீளும், மதியம் மூன்றரைக்குப் போனால் நேராக உட்காரலாம்.

திரும்பும்போது பாரக்பூரிலேயே கிளம்புகிற சியால்தா லோக்கலைப் பிடித்தால் இடம் கிடைக்கும். சாயங்காலம் அந்தத் திசையில் கூட்டமும் கிடையாது. எதிர்ப்புறம் வருகிற வண்டிகளில்தான் கதவுக்கு வெளியே ஆட்கள். நாளை பூஜை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடினால் வண்டிகள் குறையும். கிளம்புகிறவர்கள் காலையிலேயே நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.